வளரும் போவாவுக்கு எவ்வளவு இரை? வாசகர் கேள்வி – பதில்

செல்லப்பிராணிகள் குறித்த இந்தப் பகுதிக்கு வழக்கமாக நாய், பூனை, கிளி பற்றிய கடிதங்களே மிகுதியாக வரும். இம்முறை போவா என்னும் பாம்பை வளர்ப்பவர்களின் கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டனிலிருந்து வந்தவை. அங்கே போவா வளர்ப்பதற்கு உரிமம் தேவையில்லை. உறைய வைத்த எலிகளும் சுண்டெலிகளும் செல்லப்பிராணிக் கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கின்றன. கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் எல்லாவற்றையும் ஒரே இதழில் எடுத்துக்கொள்கிறோம். சில வாசகர்கள் போவாவை மலைப்பாம்பு என்றே எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் மலைப்பாம்பு முட்டையிட்டு அதைச் சுற்றிக்கொண்டு காக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தப் போவா குட்டி போடும். இரண்டும் இரையை இறுக்கிக் கொல்பவை என்றாலும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. மலைப்பாம்புக்குச் சொல்லப்படும் உணவு அட்டவணையை அப்படியே போவாவுக்குப் பொருத்துவதுதான் பல சிக்கல்களுக்குத் தொடக்கம்.

கேள்வி: மகனின் பிடிவாதத்துக்காக ஒரு போவாக் குட்டி வாங்கினோம். இப்போது அதற்கு எட்டு மாதம். நீளம் ஏறக்குறைய 70 செ.மீ., எடை 180 கிராம். வாரம் ஒரு சுண்டெலி கொடுக்கிறோம். கொடுத்த இரண்டாம் நாளே கண்ணாடி ஓரமாக வந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறது. பசி அடங்கவில்லை என்று நினைக்கிறேன். வாரத்துக்கு இரண்டாகக் கொடுக்கலாமா, அல்லது பெரிய எலிக்கு மாறலாமா? (வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்)

பதில்: வாரத்துக்கு இரண்டு வேண்டவே வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்பதே அதிகம்.

போவா ஓடித் துரத்தி வேட்டையாடும் பிராணி அன்று. மரக்கிளையிலோ புதர் ஓரத்திலோ அசையாமல் கிடந்து, இரை தன்னிடம் வரும்வரை நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் காத்திருப்பது. அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்று தெரியாத உயிருக்கு, கண்ணில் பட்டதை விடாமல் விழுங்குவதே பிழைக்கும் வழி. வயிறு நிறைந்திருக்கும்போதும் உங்கள் கையில் எலியின் வாடை வந்தால் அது தலையைத் தூக்கும். கண்ணாடிக்கு வெளியே ஏதேனும் அசைந்தாலும் தூக்கும். அந்தப் பார்வையைக் குழந்தை சோறு கேட்பதைப் போல எடுத்துக்கொண்டு நாமாகவே உருகிப்போகிறோம். சிகிச்சைக்காக என்னிடம் கொண்டு வரப்படும் போவாக்களில் பட்டினியால் மெலிந்தவை மிகச் சில. அன்பு மிகுந்த வீடுகளில் அளவுக்கு மீறித் தின்று ஈரலில் கொழுப்புப் படிந்தவையே அதிகம்.

அளவை எடையால் முடிவு செய்யுங்கள். பாம்புக்கென்று தனியாக ஒரு மின்னணுத் தராசு வாங்கி வைத்து, மாதம் ஒரு முறை நிறுத்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். முதல் ஓராண்டில் ஒரு வேளை இரை பாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் போதும். உங்கள் குட்டிக்கு அது 18 கிராம். ஒரு சிறிய வளர்ந்த சுண்டெலி, அல்லது கண் திறக்கும் பருவத்து எலிக்குட்டி. அதைப் பன்னிரண்டு முதல் பதினான்கு நாள்களுக்கு ஒரு முறை கொடுங்கள். பாம்பு ஓராண்டைத் தாண்டி 400 கிராமை நெருங்கும்போது 30, 35 கிராம் எடையுள்ள எலிக்கு மாறி, இடைவெளியைப் பதினைந்து நாள்களுக்கு மேல் தள்ளுங்கள். ஒரு கிலோவைத் தொட்டபின் 60 முதல் 80 கிராம் எலி, மூன்று வாரத்துக்கு ஒன்று. முழு வளர்ச்சி பெற்ற பாம்புக்கு எடையில் இருபதில் ஒரு பங்கே மிகுதி. இடைவெளியும் நான்கு முதல் ஆறு வாரம் வரை நீளலாம். கவனித்துப் பார்த்தால், பாம்பு வளர வளர எலி பெரிதாகிறது, ஆனால் பாம்பின் எடையோடு ஒப்பிடும்போது இரையின் பங்கு சிறுத்துக்கொண்டே போகிறது. நாள்களின் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. பலர் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

எடைக்கு அடுத்தபடி கண்ணளவும் வேண்டும். இரையின் தடிப்பு பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதியைவிடக் கூடக் கூடாது; போவாவுக்குச் சற்றுக் குறைவாக இருப்பதே நல்லது. விழுங்கிய மறுநாள் வயிற்றில் லேசான புடைப்புத் தெரிந்தால் அளவு சரி. பந்தை விழுங்கியதுபோல் செதில்களுக்கு இடையே தோல் விரிந்து தெரிந்தால் இரை பெரிது. நலமான போவாவின் உடல் உருட்டுக் கட்டைபோல் இருக்காது. பக்கங்கள் சற்றுத் தட்டையாகவும் முதுகெலும்பின் கோடு மென்மையாகவும் தெரியும். வால் தொடங்கும் இடத்தில் மடிப்பு விழுவதும், பாம்பு வளையும்போது பக்கவாட்டில் சதை பிதுங்குவதும் கொழுப்பின் அறிகுறிகள்.

கடைப் பொட்டலத்தின் பெயரை நம்பி வாங்காதீர்கள். மயிர் முளைக்காத குட்டி பிங்கி, மெல்லிய மயிர் முளைத்தது ஃபஸ்ஸி, துள்ளத் தொடங்கியது ஹாப்பர், தாய்ப்பால் மறந்தது வீனர் என்று பிரிட்டனில் பெயர்கள் உண்டு. ஆனால் ஒரு கடையின் ‘சிறிய எலி’ இன்னொரு கடையில் ‘நடுத்தர எலி’யாக இருக்கும். பொட்டலத்தின் மேல் அச்சிட்டுள்ள கிராமைப் பாருங்கள்.

சுண்டெலியிலிருந்து எலிக்கு மாறுவதை இப்போதே தொடங்கிவிடுவது நல்லது. சுண்டெலியை மட்டுமே தின்று வளர்ந்த போவா, பின்னாளில் ஒரு வேளைக்கு நான்கைந்து சுண்டெலி கேட்கும்; எலியின் வாடையை இரையாகவே ஏற்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு. அப்படிச் செய்தால், உருக்கிய எலிக்குட்டியை உருக்கிய சுண்டெலியின் மேல் தேய்த்துக் கொடுங்கள். இரண்டு மூன்று முறையில் பழகிவிடும்.

மெதுவாக வளர்ந்தால் பாம்பு குள்ளமாகிவிடுமோ என்று கேட்பவர்களும் உண்டு. ஆகாது. மூன்றாண்டுகளில் அடையக்கூடிய நீளத்தை ஐந்தாண்டுகளில் அடையும், அவ்வளவுதான். போவா அவசரப்பட வேண்டிய பிராணியும் அன்று. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஒரு போவா 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1977-இல் இறந்தது. வீடுகளிலும் 20 முதல் 30 ஆண்டுகள் வாழ்வது அரிதன்று. உங்கள் மகன் கல்லூரிக்குப் போனபின் இதை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உறைந்த எலியை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தேன். வயிறு வெடித்து, வீடு முழுவதும் நாற்றம். சரியான முறை என்ன? (வாசகர், லெஸ்டர்)

பதில்: நீங்கள் பட்ட பாட்டை நானும் ஒரு முறை பட்டிருக்கிறேன், அன்று வீட்டில் எனக்கு இரவுச் சோறு கிடைக்கவில்லை. மைக்ரோவேவ் எலியை உருக்குவதில்லை, ஆங்காங்கே வேக வைத்துவிடுகிறது. ஒரு பக்கம் வெந்தும் இன்னொரு பக்கம் பனிக்கட்டியாகவும் இருக்கும் இரையைப் பாம்பு விழுங்கினால் செரிமானம் கெடும். வெந்த பகுதி வாய்க்குள் சூடாக இருந்து புண்ணாக்கவும் கூடும்.

முந்தின நாள் மாலையே எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, மூடியுள்ள டப்பாவில் வைத்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் விட்டுவிடுங்கள். சுண்டெலி சில மணி நேரத்தில் இளகும். பெரிய எலிக்கு ஒரு நாள் முழுவதும் ஆகும். இரை கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, பையோடு வெந்நீரில் போடுங்கள். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். இருபது நிமிடத்துக்குப் பின் வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டியாகவோ குளிராகவோ தட்டுப்பட்டால் தண்ணீரை மாற்றி மறுபடியும் போடுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு ‘வாந்தி எடுக்கிறது’ என்று எழுதுகிறார்கள்.

தலைப்பகுதி மட்டும் சற்றுக் கூடுதலாக, 38 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் பாம்பு எளிதில் கவ்வும். மலைப்பாம்பின் உதட்டில் இருப்பதுபோன்ற குழிகள் போவாவுக்குக் கிடையாது. ஆயினும் அதன் முகச் செதில்கள் வெப்பத்தை உணரக்கூடியவை; உயிருள்ள எலியின் உடல் வெப்பத்தைத்தான் அது தேடுகிறது. எலியைத் துடைத்து உலர்த்தி, 30 செ.மீ. நீளத்துக்குக் குறையாத இடுக்கியால் இடுப்பில் பிடித்து நீட்டுங்கள். கையால் நீட்டினால், சூடான உங்கள் விரலுக்கும் சூடான எலிக்கும் பாம்பு வேறுபாடு காணாது.

ஒரு முறை உருகியதை மறுபடியும் உறைய வைக்கக் கூடாது. ஃப்ரீசரிலும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. நாள்பட நாள்படக் கொழுப்பு கெட்டு, வைட்டமின் ஈ குறைந்துகொண்டே போகும்.

கேள்வி: வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். எலிப் பொட்டலத்தை மீன், கறி வைக்கும் ஃப்ரீசரிலேயே வைக்கிறோம். உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்கிறார் கணவர். (வாசகி, குரோய்டன்)

பதில்: சாகாது. சால்மொனெல்லா கிருமி உறைநிலையில் உறங்குகிறது. எலி இளகும்போது அதுவும் விழித்துக்கொள்கிறது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையினர் 2015 முதல் 2021 வரையிலான காலத்தில், பாம்புத் தீவனமாக விற்கப்பட்ட உறைந்த சுண்டெலிகளோடு தொடர்புடைய ஒரே வகைச் சால்மொனெல்லாவால் 800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதைக் கண்டறிந்தார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஐந்து வயதும் அதற்குக் குறைந்ததுமான குழந்தைகள். லிதுவேனியாவிலிருந்து அத்தகைய தீவன எலிகளை இறக்குமதி செய்வதை 2022-இல் பிரிட்டன் அரசு நிறுத்தியது. அதன்பின் வாங்கும் எலிகள் எல்லாம் தூயவை என்று எண்ணிவிட வேண்டாம். பொட்டலத்தில் கிருமி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

சிறிய ஃப்ரீசர் ஒன்று தனியாக வாங்க முடிந்தால் உங்கள் வீட்டுக்கு அதுவே சிறந்தது. முடியாவிட்டால், இறுக மூடும் டப்பாவுக்குள் பொட்டலத்தை வைத்து, உணவுப் பொருள்களுக்குக் கீழே கடைசித் தட்டில் வையுங்கள். இளக்குவதற்கான கிண்ணம், இடுக்கி, தராசு எல்லாம் அந்த வேலைக்கு மட்டுமே. அவற்றைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். எலியையோ பாம்பையோ தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கை கழுவுங்கள். உங்கள் மகள் பள்ளிக்குப் போகும் வயது வரும்வரை பாம்பைத் தொடாமல் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்கட்டும். அவளுக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டில் பாம்பு இருக்கிறது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பலர் கூச்சப்பட்டு அதை மறைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: இரண்டு வயதுப் போவா, எலியை விழுங்கிய நான்காம் நாள் பாதி செரித்த நிலையில் வெளியே தள்ளிவிட்டது. உடனே வேறொன்று கொடுத்தேன், அதையும் தள்ளிவிட்டது. மின்கட்டணம் கூடிவிட்டதால் இரவில் வெப்ப விளக்கை நிறுத்துகிறேன். அது காரணமாக இருக்குமா? (வாசகர், கவென்ட்ரி)

பதில்: இருக்குமா என்ன, அதுதான் பெரும்பாலும் காரணம். பாம்பின் வயிற்றுக்குள் அடுப்பு கிடையாது; வெளியிலிருந்து கிடைக்கும் வெப்பத்தில்தான் அதன் செரிமான நீர்கள் வேலை செய்கின்றன. கூண்டின் ஒரு மூலையில் 32 பாகையைத் தாண்டிய சூடான இடமும், எதிர் மூலையில் 25, 26 பாகையும் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் குளிர்கால இரவில் விளக்கை நிறுத்தினால் உள்ளே 17, 18 பாகைக்கு இறங்கிவிடும். அப்போது வயிற்றுக்குள் எலி செரிப்பதற்கு முன் அழுகத் தொடங்குகிறது. பாம்பு அதைத் தள்ளிவிடுவது தன்னைக் காத்துக்கொள்ளும் செயல்.

இரண்டாவது எலியை உடனே கொடுத்தது தவறு. விழுங்கியதை வெளியே தள்ளும்போது அமிலம் ஏறித் தொண்டைக்குழல் புண்ணாகிறது. குடலின் நல்ல நுண்ணுயிர்களும் குலைந்துபோகின்றன. ஆகவே இன்றிலிருந்து முழுதாக மூன்று வாரம் எதுவும் கொடுக்காதீர்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் பொருத்தி இரவும் பகலும் வெப்பத்தைச் சீராக்குங்கள். பிறகு வழக்கமான அளவில் பாதிக்கும் குறைந்த ஒரு சிறிய இரை. அது தங்கினால் இரண்டு வாரம் கழித்து அதே அளவில் இன்னொன்று. நான்கைந்து வேளைகளில் பழைய அளவுக்குத் திரும்பலாம். இரை கொடுத்த பின் மூன்று நாள்கள் பாம்பைத் தூக்காதீர்கள். இரை கொடுப்பதற்காக வேறு பெட்டிக்கு மாற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நிறைந்த வயிற்றோடு திரும்பத் தூக்கி வைப்பதே தள்ளிவிடப் போதுமான காரணம்.

வெப்பத்தைச் சரி செய்தபின்னும் தள்ளினால், ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போவாக்களை அழிக்கும் உட்பொருள் நோய் (Inclusion Body Disease) என்று ஒன்று உண்டு. பல பத்தாண்டுகள் காரணம் விளங்காமல் இருந்த அந்நோயோடு அரீனா வைரஸ்களுக்குத் தொடர்பிருப்பதை 2012-இல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். திரும்பத் திரும்ப இரையைத் தள்ளுவதும், தலையை அண்ணாந்து வானத்தைப் பார்ப்பதுபோல் நிலைகுலைவதும் அதன் அறிகுறிகள். அதற்கு மருந்து இல்லை. வீட்டில் வேறு போவா இருந்தால் உடனே தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

கேள்வி: செத்த எலியைக் கொடுப்பது பாம்பின் இயல்பைக் கெடுக்காதா? உயிருள்ள எலியை விட்டால் என்ன? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

பதில்: மூலையில் மாட்டிக்கொண்ட எலி சும்மா இருக்காது. அதன் முன்பற்கள் பாம்பின் கண்ணையும் முதுகையும் கிழித்த காயங்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். பசியற்ற பாம்போடு இரவு முழுவதும் விடப்பட்ட எலி, பாம்பைக் கடித்துத் தின்னத் தொடங்கிய நிகழ்வுகளும் உண்டு. பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இதைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் காப்பில் உள்ள விலங்குக்குத் தேவையற்ற துன்பம் விளைவிப்பது அதன்படி குற்றம். எலியும் அதில் அடங்கும்.

இயல்பைப் பற்றிய உங்கள் கவலைக்கு ஓர் ஆய்வு விடை தருகிறது. 2012-இல் அமெரிக்காவில் ஸ்காட் போபாக் என்பவரும் அவருடைய குழுவினரும், செத்த எலிகளுக்குள் இதயம்போல் துடிக்கும் ஒரு கருவியைப் பொருத்திப் போவாக்களுக்குக் கொடுத்தார்கள். துடிப்பு இருந்தவரை பாம்புகள் வலுவாகவும் நெடுநேரமும் இறுக்கின. துடிப்பு நின்றதும் பிடியைத் தளர்த்தின. துடிப்பே இல்லாத எலியையும் அவை இறுக்கத்தான் செய்தன; சீக்கிரம் விட்டுவிட்டன, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து உயிருள்ள இரையையே பார்த்திராத பாம்புகளும் அவ்வாறே நடந்துகொண்டன. ஆகவே இயல்பு எங்கும் போய்விடாது. பாம்பு கவ்விய பிறகு இடுக்கியால் எலியை இரண்டு மூன்று முறை மெல்ல அசையுங்கள். அது தன் வேலையை முழுதாகச் செய்து முடிக்கும்.

கேள்வி: அம்மா சுத்த சைவம். பிள்ளையார் வாகனத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார். முட்டையோ பனீரோ கொடுத்துப் பழக்க முடியுமா? (வாசகர், ஹாரோ)

பதில்: முடியாது. எலும்பு, ஈரல், தோல், மயிர் என்று முழு இரையாகக் கிடைத்தால்தான் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் உரிய அளவில் சேரும்; வெறும் கோழிக்கறித் துண்டுகூடப் போதாது. அம்மாவின் மனம் ஒப்பாத வீட்டில் இன்னும் வாங்காத பாம்பை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், சிறிய ஃப்ரீசரைக் கார் ஷெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் தம் போவாவை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். எங்கள் கிடங்கில் எலிப்பொறி வைத்தால் நாளுக்கு இரண்டு விழும். அவற்றை உறைய வைத்துக் கொடுக்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: கிடங்கு எலி வேண்டாம். பக்கத்துக் கிடங்கில் வைத்த எலி விஷத்தைத் தின்றுவிட்டு உங்கள் பொறியில் விழுந்த எலியை உங்களால் அடையாளம் காண முடியாது. இரத்தத்தை உறைய விடாமல் கொல்லும் அந்த நஞ்சு எலியின் ஈரலில் தங்கிப் பாம்புக்கும் கேடு செய்யக்கூடும். உறைய வைத்தால் நஞ்சு போய்விடாது.

அதற்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. போவா பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) உள்ள உயிரினம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தமும், அதன்கீழ் 2024-இல் வந்த விதிகளும், இத்தகைய வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவரும் கைமாற்றுபவரும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. நண்பரிடம் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பாம்பைக் கையில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஐந்து வாரம் யாழ்ப்பாணம் போகிறோம். மூன்றரை வயதுப் போவா, எடை ஒன்றரைக் கிலோ. பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், ஆனால் எலி என்றதும் பின்வாங்குகிறார். பயணத்தைத் தள்ளிவைக்கவா? (வாசகர், ரெடிங்)

பதில்: தள்ளிவைக்க வேண்டாம். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு வழக்கமான அளவில் ஒரு எலி கொடுங்கள். நாளை புறப்படுகிறோம் என்று இன்று கொடுக்காதீர்கள், அது செரிக்கும்வரை நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அந்தப் பெண்மணி இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, வெப்பமானியைப் பார்த்து, கூண்டைப் பூட்டிவிட்டுப் போனால் போதும். வெப்பம் குறைந்தால் யாரை அழைக்க வேண்டும் என்ற எண்ணைக் கூண்டின் மேலேயே ஒட்டி வையுங்கள். திரும்பி வரும்போது பாம்பின் கண்கள் பால் படிந்ததுபோல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது அது இரையைச் சட்டை செய்யாது. உரித்து முடித்த பின் கொடுங்கள். மங்கவில்லை என்றால் வந்த மூன்றாம் நாள் கொடுக்கலாம். எலியை முந்தின நாள் மாலையே ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைக்க மறக்காதீர்கள்.